பொறி கூறும் பொய்யும் நாம் காக்க வேண்டிய மெய்யும்

கணிப்பொறி தவறு செய்யாது என்பது படித்தவரிடத்தும் பாமரரிடத்தும் ஒருங்கே வேரூன்றிவிட்ட நம்பிக்கை. வங்கியிலும் மருத்துவமனையிலும் இரயில் நிலையத்திலும் 'கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது' என்றால் அதற்கு மேல் வழக்கில்லை. ஆயின் பொறி தானாக ஒரு சொல்லும் சொல்வதில்லை. அதன் ஒவ்வொரு சொல்லையும் எங்கோ, என்றோ, ஒரு மனிதர் எழுதி வைத்திருக்கின்றார். பொறி அதனை ஒப்பிக்கின்றது. எழுதியவர் அயர்ந்திருப்பின் அவ்வயர்வையும் அது தயக்கமற்ற குரலில் ஒப்பிக்கும்.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்ளும் பொருள் பார்வைக்கு மிகச் சிறியது. கணிப்பொறியின் அடித்தளத்தே இயங்கும் நிரல் ஒன்று, பழுது நேருங்கால் எழுதிவைக்கும் ஒருவரிக் குறிப்பு உண்மைக்கு மாறாக இருக்குமாயின், அதனைத் திருத்துவது வேலையா, வெட்டி வேலையா என்பதே வினா. அது வேலைதான், அதுவும் தள்ளிப்போடக் கூடாத வேலை என்பது நமது துணிபு. தமிழ்த் துறை மலரில் இதற்கு என்ன இடம் என வினவுவோர் இறுதிவரை படித்தருள வேண்டுகிறோம். இது சொல்லும் பொருளும் பிரிந்து நிற்பதால் விளையும் கேடு பற்றியது. ஆகவே தமிழ்த் துறைக்கே உரியது.

கருவும் இயக்கியும்

கணிப்பொறியின் உறுப்புகளையெல்லாம் ஆளுவது இயக்க அமைப்பு. அதன் நடுநாயகமாக விளங்குவது கெர்னல் எனப்படும் கரு. அச்சுப்பொறி, வலைப்பின்னல் அட்டை, வட்டு, விசைப்பலகை எனப் பல்வகைக் கருவிகளோடும் கரு நேரே உரையாட இயலாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு துபாஷி வேண்டும். அத்துபாஷியே டிரைவர் எனப்படும் இயக்கி நிரல். பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ஆம் ஆண்டில் தொடங்கிய லினக்ஸ் கரு இன்று 3 கோடி வரிகளுக்கு மேல் வளர்ந்துள்ளது. அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை இயக்கி நிரல்களே. நம் கைகளில் தவழும் ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் இக்கருவின் மேல்தான் இயங்குகின்றன. சென்னை சி-டாக் நிறுவனத்தார் ஆக்கிய பாஸ் என்னும் இயக்க அமைப்பும் இதன் மேல் எழுந்ததே. தமிழக அரசு 2011 முதல் மாணவர்க்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் அதுவும் இடம்பெற்றிருந்தது.

இக்கருவுக்கு ஒரு நாட்குறிப்பு உண்டு. தன்னுள் நிகழ்வனவற்றை அது அவ்வப்போது அதில் பதிகின்றது. பதிவுகள் சுழி முதல் ஏழு வரை எட்டுப் படிநிலைகளாக வகுக்கப்பட்டுள்ளன. சுழி என்பது 'இனி இயங்க இயலாது' என்னும் கூக்குரல். ஏழு என்பது பிழை தேடுவோர்க்கு மட்டுமே உரிய நுண்குறிப்பு. இவ்வேழாம் படிச் செய்திகள் பெரும்பாலும் மூடியே வைக்கப்பட்டிருக்கும். பழுதின் காரணம் புலப்படாத நிலையில்தான் பொறியாளர் அவற்றைத் திறந்து பார்ப்பார். வேறு வழி அறியாது நிற்கும் ஒருவர் கடைசியாக நாடும் சாட்சி அது. அச்சாட்சியே பொய்யுரைத்தால் அவர் எங்குச் செல்வார்?

நன்னூலார் கண்ட குற்றங்கள்

இயக்கி நிரல்களில் இத்தகைய பொய்கள் எவ்வாறு நுழைகின்றன? வஞ்சனையால் நுழைவன அல்ல. பெரும்பாலும் பிரதி எடுத்தலால் நுழைவன. ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்வோம். வலைப்பின்னல் அட்டைக்கு இயக்கி எழுதும் ஒருவர், தரவைப் பெறும் பகுதியை முதலில் எழுதி முடிக்கின்றார். அனுப்பும் பகுதியும் ஏறத்தாழ அதுபோன்றதே ஆதலின், எழுதியதைப் பிரதி எடுத்துச் செயல்களை மட்டும் மாற்றுகின்றார். 'பெறுதல் தோல்வியுற்றது' என்னும் செய்தி மாற்றப்படாமல் நின்றுவிடுகின்றது. நிரல் செவ்வனே இயங்குகிறது. எவரும் குறை காண்பதில்லை. சில ஆண்டுகள் கழித்து, ஓர் இரவில், அனுப்புதல் உண்மையாகவே தோல்வியுறுகின்றது. பொறியாளர் நாட்குறிப்பைத் திறக்கின்றார். 'பெறுதல் தோல்வியுற்றது' என்கிறது அது. அவர் பெறும் பக்கத்தைப் பிரித்துப் பிரித்துப் பார்க்கின்றார். பழுது இருப்பதோ மறுபக்கத்தில்!

பவணந்தி முனிவர் தம் நன்னூலில் நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களை வகுத்துக் காட்டியுள்ளமை மாணவர் அறிந்ததே. கணிப்பொறி என்னும் சொல்லே இல்லாத காலத்து வகுக்கப்பட்ட அவ்வரையறை இன்றைய கருவின் நாட்குறிப்புக்கும் பொருந்துவது வியப்புக்குரியது.

'தோல்வி' என்று மட்டும் கூறி, எது, ஏன், எந்த எண்ணுடைய பிழை என்று கூறாது விடுவது குன்றக் கூறல். கேடு விளைவிக்காத இயல்பான நிகழ்ச்சியைப் பெரும்பிழை என்னும் படியில் வைத்து முழங்குவது மிகைபடக் கூறல். ஒரே செய்தியை நொடிக்கு நூறு முறை எழுதுவது கூறியது கூறல். கருவின் நாட்குறிப்பு ஓர் அளவுக்கு உட்பட்டது. புதியன நிறைந்தால் பழையன அழியும். எனவே ஓயாது புலம்பும் ஓர் இயக்கி, உண்மைக் காரணத்தைச் சொன்ன முந்தைய வரியையே அழித்துவிடக் கூடும். இதனைத் தடுப்பதற்கெனவே செய்தியின் வேகத்தை மட்டுப்படுத்தும் ஏற்பாடு கருவில் அமைக்கப்பட்டுள்ளது. செய்தியில் 'தோற்றேன்' என்று எழுதிவிட்டு, தன்னை அழைத்த நிரலுக்கு 'வென்றேன்' என்று விடையளிப்பது மாறுகொளக் கூறல்.

எல்லாவற்றினும் நுட்பமானது மயங்க வைத்தல். கணிப்பொறியாளர் பதினாறன் அடிமான எண்களை எழுதுங்கால் முன்னே 'சுழி எக்ஸ்' என்னும் அடையாளத்தை இடுவர். அவ்வடையாளத்துடன் வரும் 10 என்பது நம் கணக்கில் 16 ஆகும். சில நிரல்களில் அடையாளம் மட்டும் இடப்பட்டு, எண் பதின்மானத்திலேயே அச்சாகிவிடுகின்றது. பொறி 10 என எண்ணுகின்றது. படிப்பவர் 16 எனக் கொள்கின்றார். இருவரும் தத்தம் அளவில் சரியே. இடையில் நின்ற அடையாளமே பொய். இப்பிழை பலமுறை நேர்ந்தமையால், லினக்ஸ் திருத்தங்களைச் சோதிக்கும் 'செக்பேட்ச்' என்னும் நிரலே இதனைக் கண்டவுடன் எச்சரிக்குமாறு செய்யப்பட்டுள்ளது.

லினக்ஸ் கருவின் அச்சுப்பொறி இயக்கியில் நகைப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. தாள் தீர்ந்தால் 'தாள் இல்லை' என்றும், இணைப்பில் இல்லையேல் 'இணைப்பில் இல்லை' என்றும் சொல்லும் அந்நிரல், இவ்விரண்டும் அல்லாத பிழை எதுவாயினும் 'அச்சுப்பொறி தீப்பற்றி எரிகிறது' எனப் பொருள்படும் வரியை எழுதும். உண்மையில் தீயும் இல்லை, புகையும் இல்லை. பழைய பொறியாளர்தம் வேடிக்கைப் பேச்சு அது. அறிந்தோர் நகைத்துக் கடந்து செல்வர். அறியாத எழுத்தர் ஒருவர் அதனைப் படித்துத் தண்ணீர்க் குடத்தோடு ஓடினால் குற்றம் அவருடையதா?

ஏவியதும் நிகழ்ந்ததும்

நகைப்போடு முடியாத நிகழ்ச்சிகளும் உள. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துத் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் 1979 மார்ச் 28 அன்று அழுத்தம் குறைக்கும் அடைப்பிதழ் ஒன்று திறந்து, பின் மூடாமல் நின்றுவிட்டது. கட்டுப்பாட்டு அறையில் அதற்குரிய விளக்கோ அணைந்தது. விளக்கு அணைந்ததால் அடைப்பிதழ் மூடிவிட்டது எனப் பணியாளர் கொண்டனர். ஆனால் மூடும்படி மின்னேவல் சென்றுவிட்டது என்பது மட்டுமே அவ்விளக்கின் பொருள். மூடியதா என்பதை அது அறியாது. இரண்டு மணி நேரத்திற்கும் மேலாகக் குளிர்விக்கும் நீர் வெளியேறிற்று. உலையின் உள்ளகம் ஏறத்தாழப் பாதி உருகியது. ஏவியதை நிகழ்ந்ததாகக் காட்டிய விளக்கு அது. இயக்கி நிரல்களிலும் இதே குற்றம் மலிந்துள்ளது. கேட்ட அளவைப் பெற்ற அளவாக எழுதுவதும், கட்டளையிட்ட உடனே 'முடிந்தது' என எழுதுவதும் இவ்வகையினவே.

புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு அளிக்கும் தெராக்-25 என்னும் கருவி 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளர்க்கு அளவிறந்த கதிர்வீச்சைப் பாய்ச்சியது. டெக்சாஸ் மாநிலத்து டைலர் நகரில் 1986-இல் நேர்ந்த விபத்தில் திரையில் தோன்றியது 'கோளாறு 54' என்னும் ஒரே வரி. அதன் பொருள் கையேட்டிலும் விளங்குமாறு இல்லை. கொடுக்க வேண்டியது 202 அலகு, கொடுத்ததோ 6 அலகுதான் எனவும் அதே திரை காட்டிற்று. நாள்தோறும் இத்தகைய வெற்றுச் செய்திகளைக் கண்டு பழகிய பணியாளர் 'தொடர்க' என்னும் விசையை அழுத்தினார். உள்ளே படுத்திருந்தவரோ ஏற்கெனவே பன்மடங்கு மிகுதியான கதிர்வீச்சுக்கு ஆளாகியிருந்தார். சில திங்களில் உயிர் நீத்தார். குறைத்துக் கொடுத்தேன் என்று சொல்லிய பொறி உண்மையில் கொன்றுகொண்டிருந்தது.

ஐரோப்பியரின் ஏரியன்-5 ஏவுகலம் 1996 சூன் 4 அன்று தன் முதற் பயணத்தில் ஏறத்தாழ 40 நொடிகளில் சிதறியது. பெரிய எண் ஒன்றைச் சிறிய இடத்தில் அடைக்க முயன்றதால் அதன் திசையறி கருவி செயலிழந்தது. செயலிழக்குங்கால் பிழை ஆய்வோர்க்கு உதவும்பொருட்டு ஒரு குறிப்பை அது வெளியிட்டது. ஏவுகலத்தின் முதன்மைக் கணிப்பொறி அக்குறிப்பையே பறத்தல் பற்றிய தரவாகப் படித்தது. இல்லாத சாய்வைத் திருத்த முற்பட்டுக் கலத்தை ஒடித்தது. பிழைநீக்கக் குறிப்பு எவரிடம் போய்ச் சேர்கின்றது, அவர் அதனை எவ்வாறு படிப்பார் என எண்ணாமல் விட்டதன் விலை அது.

நம் மண்ணில்

இவை மேலைநாட்டுக் கதைகள் எனத் தள்ள இயலாது. 2023 சூன் 2 அன்று ஒடிசாவின் பகாநகா பஜார் நிலையத்தருகே, சென்னை நோக்கி வந்த கோரமண்டல் விரைவு வண்டிக்கு நேர்வழிக்கான பச்சை விளக்கு காட்டப்பட்டது. தண்டவாளமோ சரக்கு வண்டி நின்ற கிளைவழிக்குத் திருப்பப்பட்டிருந்தது. 290-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சைகைச் சுற்றில் செய்யப்பட்ட மாற்றங்களில் நேர்ந்த பிழையே காரணம் என இரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை கண்டது. இணைப்புப் பெட்டிக்குள் கம்பிகளின் பெயர்கள் தவறாகக் குறிக்கப்பட்டிருந்ததும், அது நெடுங்காலம் கண்டறியப்படாதிருந்ததும் செய்தித்தாள்களில் வெளிவந்தன. பெயர் எழுதிய கை வேறு. பின்னர் வந்து அப்பெயரை நம்பிப் பழுது பார்த்த கை வேறு. உயிரிழந்தோரோ இரண்டையும் அறியாதவர்கள்.

அரியலூர் மாவட்டத்து ரெட்டிபாளையத்தை எண்ணிப் பார்ப்போம். பண்டைக் கடல் படிந்து விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்லை வெட்டியெடுத்துச் சிமெண்ட் ஆக்கும் தொழிலால் பெயர்பெற்ற ஊர் அது. சிமெண்ட் ஆலையின் உயிர்நிலை சூளை. அதனுள் கலவை ஏறத்தாழ 1450 பாகை செல்சியசுக்குச் சூடேற வேண்டும். அவ்வெம்மையை எவரும் தொட்டறிய இயலாது. தொலைவிலிருந்தே அளக்கும் பைரோமீட்டர் சொல்வதை நம்பியே எரிபொருளைக் கூட்டவும் குறைக்கவும் வேண்டும். சூளைக்குள் தூசு மண்டினால் அக்கருவி உள்ளதைவிடக் குறைந்த வெம்மையைக் காட்டுவதுண்டு. அதனை நம்பி எரிபொருளைக் கூட்டினால் கலவை கருகும். சூளையின் உட்செங்கல் கேடுறும். ஆகவேதான் தேர்ந்த சூளைப் பணியாளர் எண்ணை மட்டும் பாராமல், நிறக் கண்ணாடி வழியே தீயின் நிறத்தையும் பார்க்கின்றனர். எண்ணுக்கும் நெருப்புக்கும் இடையே உள்ள தொலைவை அவர்கள் பட்டறிவால் அறிந்தவர்கள். அத்தகைய ஊர்களிலிருந்து வந்து நம் கல்லூரிகளில் பயிலும் பிள்ளைகள், நாளை கட்டுப்பாட்டு அறைகளில் அமர்வர். அத்திரைகளில் தோன்றும் செய்திகளை எழுதுவோராகவும் விளங்குவர். எழுதுங்கால் அப்பணியாளரின் கண்களை நினைவிற் கொள்வார்களா என்பதே நம் கவலை.

மறுப்பும் விடையும்

இதற்கு மறுப்புரைப்போர் மூன்று கூறுவர். நிரல் சரியாக இயங்குகையில் ஒரு செய்தி வரியைத் திருத்துவது காலக்கேடு என்பது முதலாவது. இயங்கும்பொழுது எவருக்கும் அவ்வரி வேண்டியதில்லை என்பது மெய்தான். இயங்காதபோது வேண்டுவதற்காகவே அது எழுதப்பட்டது. தீயணைக்கும் மணல்வாளியில் மணல் உள்ளதா எனத் தீப்பிடித்த பின் பார்ப்பார் இல்லை.

இவை பிழை தேடும் வல்லுநர்க்கு மட்டும் உரியவை. அவர்கள் மூலநிரலைப் படித்து உண்மை காண்பர் என்பது இரண்டாவது. வல்லுநரும் மனிதரே, நள்ளிரவில் பழுது பார்ப்பவர் தம்முன் தோன்றும் சொல்லையே முதலில் நம்புவார். மேலும், செய்தி ஒன்றும் இல்லையேல் அவர் எல்லாப் பக்கமும் தேடுவார். பொய்ச்செய்தி இருப்பின் ஒரு பக்கம் மட்டுமே தேடுவார். ஆதலின் பொய்க்குறிப்பு குறிப்பின்மையினும் கொடிது.

இத்தகைய சிறு திருத்தங்களைப் புகழுக்காகவே சிலர் குவிக்கின்றனர் என்பது மூன்றாவது. இதில் ஓரளவு உண்மை உண்டு. எழுத்துப்பிழையையும் இடைவெளியையும் மட்டும் சரிசெய்யும் அற்பத் திருத்தங்களை நிலைப்பதிப்புகளில் ஏற்பதில்லை என்பது லினக்ஸ் கருவின் விதிகளுள் ஒன்று. ஆயினும் எழுத்துப்பிழை வேறு, பொருட்பிழை வேறு. 'தோல்வி' என்பதில் ஓர் எழுத்துக் குறைந்தாலும் படிப்பவர் பொருளை உணர்வர். 'அனுப்புதல்' என்னுமிடத்துப் 'பெறுதல்' என நின்றால் எழுத்தெல்லாம் சரியாக இருந்தும் பொருள் முழுதும் பொய். இவ்விரண்டையும் ஒரே தட்டில் நிறுத்தலாகாது.

தமிழ்த் துறை செய்யத்தக்கது

கணிப்பொறியின் பிழைச்செய்திகள் இன்று பல மொழிகளில் பெயர்க்கப்படுகின்றன. தமிழிலும் அம்முயற்சி நடைபெற்று வருகின்றது. இங்குதான் நமது பொறுப்பு தொடங்குகின்றது. நிரலுக்குத் தகாத மதிப்பு கொடுக்கப்பட்டது என்பதை உணர்த்தும் ஆங்கிலச் செய்தியைச் சொல்லுக்குச் சொல்லாகச் 'செல்லாத வாதம்' எனப் பெயர்த்தால், படிப்பவர் வழக்குமன்றத்தை நினைப்பாரா, வாத நோயை நினைப்பாரா? இணைப்பின் மறுமுனை மூடிவிட்டது என்னும் பொருளுடைய செய்தியை 'உடைந்த குழாய்' என்றாக்கினால் குழாய் பழுது பார்ப்பவரை அன்றோ அழைக்க நேரும்? ஆங்கிலத்திலேயே யூனிக்ஸ் இயக்க அமைப்பில் 'தட்டச்சுப்பொறி அன்று' என்னும் பிழைச்செய்தி, தட்டச்சுப்பொறிக்குத் தொடர்பே இல்லாத இடங்களிலெல்லாம் தோன்றிப் பயனாளரைத் திகைக்கவைத்த வரலாறு உண்டு. மூலத்திலேயே மயங்கி நிற்பதைப் பெயர்ப்பில் இருமடங்கு மயங்கவைப்பது தமிழுக்குச் செய்யும் தொண்டாகாது. நிகழ்ந்தது என்ன என்று கேட்டறிந்து, அதனைத் தமிழில் சொல்வதே பெயர்ப்பு.

எனவே மூன்று கருத்துகளை முன்வைக்கிறோம். முதலாவது ஆசிரியப் பெருமக்களுக்கு. கணிப்பொறிச் செய்முறைத் தேர்வில் விடை சரியாக வந்ததா என்பதோடு, தவறான உள்ளீடு தந்தால் நிரல் என்ன சொல்கின்றது என்பதற்கும் மதிப்பெண் வழங்குக. அனைத்துத் துறைச் செய்முறைப் பதிவேடுகளிலும், எதிர்பார்த்த அளவீட்டை எழுதும் மாணவரைவிட, கண்ட அளவீட்டை எழுதி அது ஏன் மாறியது என வினவும் மாணவரைப் பாராட்டுக. பக்கத்து மாணவரின் பதிவேட்டைப் பார்த்தெழுதும் பழக்கமே நாளை பொய்ச்செய்தி எழுதும் பழக்கமாக வளர்கின்றது.

இரண்டாவது மாணவச் செல்வங்களுக்கு. லினக்ஸ் கருவின் மூலநிரல் எவரும் படிக்கத் திறந்து கிடக்கின்றது. கணிப்பொறித் துறை மாணவர் ஓர் இயக்கி நிரலின் செய்திகளைத் திரட்டித் தருக; தமிழ்த் துறை மாணவர் அவற்றைப் படித்துத் தாம் விளங்கிக்கொண்ட பொருளைச் சொல்லுக. எழுதியவர் கருதியதும் படித்தவர் கொண்டதும் வேறுபடும் இடமெல்லாம் திருத்தத்திற்குரிய இடம். கண்ட பிழையை முறைப்படி திருத்தி அனுப்புவோர், பிழை எந்தத் திருத்தத்தால் நுழைந்தது என்பதையும் சுட்டி, தம் பெயரையும் பொறுப்பேற்பின் அடையாளமாக இறுதியில் இடவேண்டும் என்பது அங்குள்ள நடைமுறை. சொல்லுக்குப் பொறுப்பேற்றுப் பெயரிடும் அவ்வழக்கம் நம் மாணவர்க்கு நல்லதொரு பயிற்சி.

மூன்றாவது கல்லூரியின் நலம்நாடும் ஊர்ப் பெரியோர்க்கு. ஆண்டுவிழாவில் புதிதாக ஒன்றைச் செய்தவருக்குப் பரிசு வழங்கும் தாங்கள், முன்பே இருந்த ஒன்றில் பிறர் காணாத பொய்யைக் கண்டு திருத்திய மாணவருக்கும் ஒரு பரிசு ஒதுக்குக. கட்டடம் எழுப்பியவர் பெயர் கல்வெட்டில் நிற்கின்றது. ஒழுகும் கூரையை மழைக்கு முன் அடைத்தவர் பெயர் எங்கும் நிற்பதில்லை. ஆயினும் நனையாமல் படித்தவர் அனைவரும் அவருக்கே கடன்பட்டவர்.

பொறிகள் பெருகப் பெருக, மனிதர் கண்ணால் காண்பது குறைந்து, பொறி சொல்வதைக் கேட்பது மிகுகின்றது. சூளையின் தீயை நேரில் காண்போர் குறைவர்; எண்ணைக் காண்போரே மிகுவர். அந்நிலையில் ஓர் இயக்கி நிரலின் மூலையில் கிடக்கும் ஒருவரிச் செய்தியும் ஒரு சாட்சியமே. அதனை எழுதும் கை, தான் அறியாத ஒருவர், தான் காணாத ஓர் இக்கட்டில், அதனை நம்பிச் செயற்படுவார் என்பதை உணர்ந்து எழுதுக. தவறி எழுதப்பட்டதைக் கண்டவர், 'எனக்கென்ன' எனக் கடந்து செல்லாமல் அன்றே திருத்துக.